ஓடாமலே மேலே எழும்பிய விமானம்!

ஆகாய விமானம் கிளம்ப வேண்டுமானால் நீண்ட பாதை வேண்டும். அதில் வேகமாக ஓடித்தான் மேலே எழும்பும்.

பாதையே இல்லாத இடத்தில்? நடுக்கடலில், கப்பலின் மேல்தளத்தில்?

ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் விமானத்தின் வேகம் அதற்கு வராது.

இரண்டையும் ஒன்றாக்க அமெரிக்கக் கடற்படை விரும்பியது. 1962-ம் ஆண்டு "பெல்" கம்பெனியிடம் அந்த வேலையை ஒப்படைத்தது. அப்படிப் பிறந்ததுதான் "எக்ஸ்-22 ஏ".

பீப்பாய்க்குள் விசிறி

பார்த்தால் விமானம் என்றே சொல்ல முடியாது! முன்னால் 2, பின்னால் 2 ஆக 4 பெரிய வளையங்கள். அடி இல்லாத பீப்பாய் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் 7 அடி அகல விசிறி.

விசிறிக்கு வளையம் எதற்கு? திறந்த விசிறி சுழலும்போது அதன் நுனியில் காற்று நழுவி வீணாகும். வளையம் அதைத் தடுக்கிறது. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆபத்து குறைவு.

வளையங்கள் வானத்தைப் பார்த்து இருக்கும்போது, விசிறிகள் காற்றைக் கீழே தள்ளும். விமானம் நேராக மேலே எழும்பும். பிறகு வளையங்களை மெல்ல முன்பக்கம் சாய்ப்பார்கள். விமானம் முன்னோக்கிப் பறக்கும்.

ஒரு விசிறி நின்றால் கவிழ்ந்து விடாதா? அதற்கும் வழி செய்திருந்தார்கள். 4 என்ஜின்களும் 4 விசிறிகளும் தண்டுகளால் இணைக்கப்பட்டு இருந்தன. ஒரு என்ஜின் நின்றாலும், மற்றவை எல்லா விசிறிகளையும் சுற்றும்.

உயிர் தப்பினார்கள்

1966 மார்ச் 17-ந் தேதி அது முதன் முதலாக எழும்பியது. 5 மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 8-ந் தேதி பறந்து கொண்டிருந்தபோது கோளாறு! எண்ணெய் அழுத்தத்தால் கருவிகளை இயக்கும் அமைப்பு கெட்டது. அது கெட்டால் உதவுவதற்கு இன்னொன்று இருந்தது. அதுவும் கெட்டது!

ஓட்டிகள் அவசரமாக இறக்கினார்கள். விமானம் உடைந்தது. உள்ளே இருந்த 2 பேரும் காயமின்றித் தப்பினார்கள்.

1967 ஜனவரியில் 2-வது விமானம் பறந்தது. மறு ஆண்டு, 8,000 அடி உயரத்தில் அந்தரத்தில் நின்று காட்டியது. ஆனால் கடற்படை கேட்ட வேகம், மணிக்கு 525 கிலோ மீட்டர். அது கடைசி வரை கிடைக்கவில்லை. 3-வது விமானம் கட்டப்படவே இல்லை.

இருந்தாலும் அதற்கு வேறொரு வேலை கிடைத்தது. அதன் போக்கையே மாற்றும் கருவி உள்ளே இருந்தது. சாதுவாகவும் பறக்கும், அடங்காத குதிரையாகவும் மாறும்! கட்டப்போகும் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, இதில் ஏறியே தெரிந்து கொண்டார்கள்.

அந்த வேலையை அது பல ஆண்டுகள் செய்தது. இப்போது நயாகரா பகுதியில் ஒரு காட்சி சாலையில் நிற்கிறது.