கரி படியாத மின்கலம்

ஹைட்ரஜனை நாளைய எரிபொருள் எனப் போற்றுவோர், அது எங்கிருந்து கிடைக்கிறது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று உலகில் ஆக்கப்படும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகிறது. குழாய்களும் உருளைகளும் வீடுதோறும் கொண்டு சேர்ப்பவை மீத்தேன், புரோப்பேன், பியூட்டேன் போன்ற ஹைட்ரோகார்பன்களே. இவற்றைத் தனி ஆலையில் ஹைட்ரஜனாக மாற்றாமல், மின்கலத்திற்குள் நேரே செலுத்தி மின்னாற்றல் பெற இயலுமா? திட ஆக்சைடு எரிபொருள் மின்கலத்தை ஆய்வோர் நெடுங்காலமாக விடை தேடிவரும் வினா இது.

இக்கலத்தின் நடுவில் இருப்பது மெல்லிய பீங்கான் தகடு. அதன் ஒருபுறம் காற்று முனை. மறுபுறம் எரிபொருள் முனை. காற்றிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்று அயனியாகிப் பீங்கானை ஊடுருவிச் செல்கிறது. மறுபுறத்தில் எரிபொருளோடு கூடி எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. அவை வெளிச்சுற்றின் வழியே காற்று முனைக்குத் திரும்பும் ஓட்டமே மின்னோட்டம். சுடரும் இல்லை, சுழலியும் இல்லை. எனவே, எரிபொருளின் ஆற்றலில் 60 விழுக்காடு வரை மின்னாற்றலாக மாறக்கூடும்.

அயனிகளைக் கடத்தும் இப்பீங்கானுக்கு வேடிக்கையான ஒரு முன்வரலாறு உண்டு. சிர்கோனியம் ஆக்சைடுடன் இட்ரியம் ஆக்சைடு போன்றவற்றைக் கலந்து செய்த சிறு கோலினைக் கொண்டு, ஜெர்மானிய அறிவியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1897ஆம் ஆண்டில் ஒரு மின்விளக்கை உருவாக்கினார். குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைக் கடத்தாத அக்கோல், சூடேற்றிய பின்னரே கடத்தி ஒளிர்ந்தது. விளக்கு வழக்கொழிந்தது, பொருள் வாழ்ந்தது. சுவிட்சர்லாந்தில் எமில் பௌரும் ஹான்ஸ் பிரைசும் 1937இல் அத்தகைய பீங்கானைக் கொண்டு 1000 டிகிரி செல்சியசில் எரிபொருள் மின்கலம் ஒன்றை இயக்கிக் காட்டினர்.

பிற எரிபொருள் மின்கலங்கள் பலவற்றில் ஹைட்ரஜன் அயனியே இடம்பெயர்கிறது. ஆகவே அவற்றுக்குத் தூய ஹைட்ரஜன் வேண்டும். இங்கோ இடம்பெயர்வது ஆக்சிஜன். எரியத்தக்க எதனையும் இக்கலம் ஏற்க வேண்டும் என்பது கோட்பாடு. ஒரு மீத்தேன் மூலக்கூறு நான்கு ஆக்சிஜன் அயனிகளோடு கூடினால், கார்பன் டை ஆக்சைடும் நீரும் உண்டாகி எட்டு எலக்ட்ரான்கள் வெளிப்படும். கணக்கு இவ்வளவு எளிது. நடைமுறையில் குறுக்கே நிற்பது நிக்கல்.

எரிபொருள் முனை வழக்கமாக நிக்கலும் சிர்கோனியப் பீங்கானும் கலந்த நுண்துளைப் பொருளால் ஆனது. நிக்கல் விலை குறைந்தது. எலக்ட்ரான்களை நன்கு கடத்துவது. ஹைட்ரஜன் பிணைப்பை எளிதில் பிளப்பது. ஆனால், பிளக்கும் அதே திறனால் ஹைட்ரோகார்பனின் ஹைட்ரஜனை உரித்தெடுத்துக் கார்பனைத் தன்மீதே விட்டுவிடுகிறது. அரிக்கேன் விளக்கில் போதிய காற்று புகாவிடில் கண்ணாடியில் கரி படிவதை ஒத்தது இது. எனினும் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துவிடலாம். இங்கு அது இயலாது. கார்பன் நிக்கலுக்குள் கரைந்து, பின்னர் இழைகளாக வெளிவளர்ந்து, உலோகத் துகள்களைப் பெயர்த்தெடுக்கிறது. துளைகள் அடைபடுகின்றன, முனை விரிசலுற்றுச் சிதைகிறது.

எரிபொருளோடு நீராவியைக் கலப்பது பழைய தீர்வு. நீராவி மீத்தேனுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் தரும். ஆயின் அது வெப்பத்தை உறிஞ்சும் வினை. நிக்கலின் மேல் அது விரைந்து நிகழ்வதால், எரிபொருள் நுழையுமிடம் குளிர்ந்து, ஏனைய பகுதி சூடாகவே இருக்கும். பீங்கான் இவ்வேறுபாட்டைத் தாங்காது. மேலும், நீராவி மிகுந்தால் எரிபொருளின் செறிவும் குறையும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பார்க், வோஸ், கோர்ட் ஆகிய மூவர் நிக்கலையே விலக்கிப் பார்த்தனர். அவ்விடத்தில் செம்பையும் சீரியம் ஆக்சைடையும் வைத்தனர். செம்பு மின்சாரத்தைக் கடத்தும். ஹைட்ரோகார்பனைப் பிளக்கும் ஆர்வம் அதற்கு இல்லை. ஆக்சிஜனேற்றத்திற்கு உதவும் பணி சீரியம் ஆக்சைடுக்கு. செம்பு 1085 டிகிரியில் உருகிவிடும். பீங்கானைச் சுடவோ அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். எனவே, முதலில் நுண்துளைப் பீங்கானைச் சுட்டெடுத்து, அதன்பின் உலோக உப்புக் கரைசலைத் துளைகளில் ஊறச் செய்தனர். இம்முனையில் பியூட்டேனும் டொலுயீனும் நேரடியாக மின்னாற்றல் தந்ததை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயினும், உயர்வெப்பத்தில் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடுகின்றன. வினையூக்கும் திறனிலும் செம்பு நிக்கலுக்கு ஈடாகாது.

ஆகவே, நிக்கலை நீக்காமல் காக்கும் முயற்சிகளும் எழுந்தன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான், பார்னெட் இருவரும் நிக்கல் முனையின்மேல் ருத்தேனியமும் சீரியம் ஆக்சைடும் கொண்ட வினையூக்கிப் படலத்தை அமைத்தனர். பெட்ரோலின் கூறுகளுள் ஒன்றான ஐசோ-ஆக்டேனைக் கொண்டு சதுர சென்டிமீட்டருக்கு 0.3 முதல் 0.6 வாட் வரை பெற்றதை 2005இல் அறிவித்தனர். ருத்தேனியம் அரிய உலோகம் என்பதே இதிலுள்ள இடர்.

இவற்றுள் மிக நயமான வழி, மெய்லின் லியூ குழுவினர் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் 2011இல் வெளிப்படுத்தியது. நிக்கலின்மேல் பேரியம் ஆக்சைடை மிக நுண்ணிய தீவுகளாக அவர்கள் பரப்பினர். கலம் இயங்கும்போது தானே உண்டாக்கும் நீரை அத்தீவுகள் ஈர்த்துப் பிரிக்கின்றன; பிரிந்த கூறுகள் அருகிலுள்ள நிக்கலின்மேல் படியும் கார்பனை உடனுக்குடன் ஆக்சிஜனேற்றி அகற்றுகின்றன. வெளியிலிருந்து நீராவியைச் சேர்க்க வேண்டியதில்லை. கழிவாக வெளியேறும் நீரே துப்புரவாளராகிறது.

கரி நீங்கினும் கந்தகம் எஞ்சுகிறது. சமையல் எரிவாயு கசிவதை உணர்த்தும் நெடிக்காக அதில் கந்தகச் சேர்மமாகிய மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது. மக்களைக் காக்கும் அந்நெடி நிக்கலுக்கு நஞ்சு. மிகச் சிறிய அளவே அதன் பரப்பை முடக்கிவிடும். எனவே, கந்தகத்தைக் களைந்த பின்னரே எரிபொருளைக் கலத்தினுள் செலுத்துகின்றனர்.

இத்தகைய கலங்கள் ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்டன. திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியல் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ஸ்ரீதர் அமெரிக்காவில் நிறுவிய புளூம் எனர்ஜியின் கலங்கள், இயற்கை எரிவாயுவைக் கொண்டு தரவு மையங்களுக்கு மின்சாரம் வழங்குகின்றன. அவை கார்பன் டை ஆக்சைடை வெளியிடாமல் இல்லை. ஆனால், எரிபொருள் முனையில் காற்றின் நைட்ரஜன் கலவாததால், அங்கு உண்டாகும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துச் சேமிப்பது அனல்மின் நிலையப் புகையிலிருந்து பிரிப்பதைவிட எளிது. நீராவித் துணையின்றி ஹைட்ரோகார்பனை நேரே ஏற்கும் முனைகளோ இன்னும் பெரிதும் ஆய்வகத்திலேயே உள்ளன. மின்நிலையக் கலம் ஒன்று 40,000 மணி நேரமேனும் உழைக்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆய்வகச் சோதனைகளோ பெரும்பாலும் சில நூறு மணி நேர அளவிலேயே நிற்கின்றன.