உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தில் ‘எல்லோரும்’ ஒருமை!

தமிழில் ‘எல்லோரும் வந்திருக்கிறார்கள்’ என்போம். ஆள் பலர், வினையும் பன்மை. ஆங்கிலத்தில் அதே கூட்டத்துக்கு ‘எவ்ரிபடி இஸ் ஹியர்’தான். ‘ஆர்’ போட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். இப்படி ‘படி’, ‘ஒன்’, ‘திங்’ என்று முடிகிற சொற்களுக்கு முன்னால் நூறு பேர் நின்றாலும் இலக்கணக் கணக்கில் ஒருவர்தான். ‘ஈச்’, ‘ஐதர்’, ‘நைதர்’ ஆகியவையும் இந்தக் கட்சியே. ‘போத்’, ‘மெனி’, ‘செவரல்’ எப்போதும் பன்மை.

‘ஆல்’, ‘சம்’, ‘மோஸ்ட்’ மூன்றும் பச்சோந்திகள். ‘சம் ஆஃப் த மில்க் இஸ்’ என்பது சரி. பையன்கள் என்றால் ‘சம் ஆஃப் த பாய்ஸ் ஆர்’.

வம்பெல்லாம் ‘நன்’ என்ற சொல்லில்தான். ‘ஒன்றுகூட இல்லை’ என்ற பொருளில் பிறந்ததால் அது ஒருமையே என்று பள்ளி இலக்கணங்கள் பல அடம்பிடித்தன. பழைய ஆங்கிலக் காலம் தொட்டே அது பன்மை வினையோடும் வந்திருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் இரண்டும் சரி என்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை: ‘எவ்ரிஒன் ஹேஸ் தெயர் புக்’. வினை ஒருமை, பின்னால் வருகிற ‘தெயர்’ பன்மை! பிழைபோலத் தோன்றும், ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் கையாண்ட வழக்குதான். அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேடு 2017-இல்தான் அரைமனதோடு இதற்கு இடம் கொடுத்தது. தேர்வுத் தாளில் மட்டும் ‘ஹிஸ் ஆர் ஹெர்’ என்றே எழுதிவிடுங்கள், மதிப்பெண்ணுக்கு வம்பில்லை.