நெல்வயலிற் பறவைகளுக்கு இடம்விடுதல்

கமக்காரர் பறவைகளைப்பற்றிப் பேசுமிடத்துப் பெரும்பாலும் இழப்பைப்பற்றியே பேசுவர். கதிர் பால்கட்டுங் காலத்திற் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் நெல்லுக்குருவிகளையும், கதிரைக் கொய்து செல்லும் கிளிகளையும், வரம்போரத்துப் பயிரை மிதித்து மேயும் மயில்களையும் கண்டு மனம் நொந்தவர் பலர். இவ்விழப்பு உண்மையானதே, அதனை மறுத்துரைப்பது இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமன்று. ஆயினும் மூன்றரை மாத நெல் ஏறத்தாழ 105 நாட்கள் வயலில் நிற்கின்றது. இவற்றுள் நெல்லுக்குருவியால் நட்டமுண்டாகுங் காலம் இரண்டு கிழமையளவே. எஞ்சிய நாட்களில் வயலிற் காணப்படும் பறவைகளுட் பெரும்பாலானவை பூச்சி, புழு, எலி ஆகியவற்றை உண்டு கூலியின்றி வேலைசெய்கின்றன. இரண்டு கிழமைக் கோபத்தினால், ஆண்டு முழுவதும் உதவுவனவற்றை இழத்தல் தகாது.

வேலைசெய்யும் பறவைகள்

நிலத்தை உழும்போது உண்ணிக்கொக்குகளும் மைனாக்களும் ஏரின் பின்னேயும் உழவு இயந்திரத்தின் பின்னேயும் வருவதை யாவரும் அறிவர். மண் புரளும்போது வெளிப்படும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் அவை பொறுக்கித் தின்கின்றன. இரட்டைவாற்குருவி என்னும் கரிக்குருவி, உயர்ந்த ஓரிடத்தில் அமர்ந்து, பறக்கும் அந்துகளையும் வெட்டுக்கிளிகளையும் பாய்ந்து பிடிக்கும். பஞ்சுருட்டானும் அவ்வாறே பறக்கும் பூச்சிகளைப் பிடித்துண்ணும். ஐப்பசி தொடங்கிப் பங்குனிவரை வடநாடுகளிலிருந்து வந்து தங்கும் தகைவிலான்கள், காலபோகப் பயிரின்மேல் தாழப்பறந்து சிறு பூச்சிகளை இரையாக்குகின்றன. நெல்லைத் தின்பதாக நாம் வெறுக்கும் தூக்கணாங்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் புழுக்களையுமே பெரிதும் ஊட்டி வளர்க்கின்றது.

இவற்றை அழித்தால் விளைவது யாது என்பதற்குச் சீன தேசம் ஒரு பாடமாகும். தானியத்தைத் தின்கின்றன என்ற குற்றத்துக்காக, 1958 ஆம் ஆண்டில் அங்கு சிட்டுக்குருவிகளை நாடெங்கும் கொன்றனர். குருவிகள் அருகவே, வெட்டுக்கிளி முதலிய பூச்சிகள் பெருகின. 1960 ஆம் ஆண்டிற் சிட்டுக்குருவியை அழிக்கவேண்டிய பிராணிகளின் பட்டியலிலிருந்து நீக்கினர்.

கூகையும் வயலெலியும்

நெல்வயலுக்கு எலி பெரும் பகை. அது பயிரின் தண்டை அடியில் நறுக்குகின்றது. கதிரை வளைக்குள் இழுத்துச் சேமிக்கின்றது. வரம்பைத் துளைத்து நீரை வடியச்செய்கின்றது. அதன் சிறுநீர் கலந்த சேற்றினால் எலிக்காய்ச்சலும் மனிதரைப் பற்றுகின்றது. 2008 ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையிற் பெருமளவிற் பரவியதை மறத்தலாகாது. எலி சினைகொண்டு ஏறத்தாழ மூன்று கிழமையில் ஈனும். ஒரேமுறையிற் பல குட்டிகள் பிறக்கும். அக்குட்டிகளும் சில மாதங்களில் இனம் பெருக்கத் தொடங்கும்.

இத்தகைய எலியையே முதன்மையான இரையாகக் கொண்டது கூகை. வெண்முகமுடைய இவ்விராப்பறவையைச் சாக்குருவி என்றுங் கூறுவர். அதன் அலறல் வீட்டிற் சாவைக் குறிக்கும் என்ற அச்சத்தினால் அதனைக் கல்லெறிந்து துரத்துவோரும், கூட்டைக் கலைப்போரும் உளர். கூகை மனைக்கு அருகே வருவது எலியை நாடியேயன்றி உயிரை நாடியன்று. நெற்களஞ்சியம் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்திற்குக் கூகை வரும். அதன் குரலுக்கு இதைவிட வேறு பொருள் இல்லை.

கூகை பெரும்பாலும் நான்கு முதல் ஏழு முட்டைகள் இடும். ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாத்தபின் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் இரண்டு மாதமளவும் கூட்டிலே தங்கும். அக்காலத்திற் பெற்றோர் இரவுதோறும் பல எலிகளைக் கொண்டுவருதல் வேண்டும். இதனை ஐயுறுவோர் தாமே சோதித்தறியலாம். கூகை செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டைகளாகக் கக்கிவிடும். கூட்டின்கீழ்க் கிடக்கும் அவ்வுருண்டைகளை நீரில் ஊறவைத்துப் பிரித்தால், உள்ளே எலியின் மண்டையோடுகளைக் காணலாம்; எண்ணவும் எண்ணலாம்.

கூகைப்பெட்டி அமைத்தல்

கூகை தானாகக் கூடு கட்டுவதில்லை. மரப்பொந்து, பழைய கட்டடத்தின் மாடம், கூரையிடுக்கு ஆகியவற்றையே நாடும். இவை அருகிவருவதால் மரப்பெட்டி அமைத்துக் கொடுத்தல் நன்று. மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலே எலியைக் கட்டுப்படுத்த இம்முறை பல ஆண்டுகளாகக் கையாளப்படுகின்றது.

பெட்டி இரண்டடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் உடையதாக இருக்கலாம். வாயில் ஆறங்குலச் சதுரமாதல் வேண்டும். குஞ்சுகள் தவறி விழாவண்ணம், வாயிலின் அடி பெட்டியின் தரையிலிருந்து ஆறங்குலமேனும் உயர்ந்திருத்தல் அவசியம். அடிப்பலகையில் நீர் வடியச் சிறு துளைகள் இடுக. பெட்டியை வயலோரத்து மரத்திலோ உறுதியான கம்பத்திலோ பன்னிரண்டு அடிக்குக் குறையாத உயரத்தில், வடகீழ்ப் பருவமழைச் சாரல் வாயிலில் நேரே புகாதவாறு பொருத்துக. முதலாண்டிலேயே கூகை குடியேறாமற் போகலாம், பொறுமை வேண்டும். கூகை மட்டும் எலிகள் யாவற்றையும் ஒழித்துவிடும் என எண்ணுதலும் தவறு. விதைப்புக்கு முன் அயலவர் ஒன்றுகூடி வளைகளைத் தோண்டி எலிபிடித்தலும், பொறி வைத்தலும் உடன்நிகழ வேண்டும்.

பனையும் மரங்களும்

வடபகுதியிற் போர்க்காலத்தில் எறிகணைகளால் முடியிழந்த பனைகள் பல, 2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த பின்னரும் தனித்து நின்றன. பட்டு நின்ற பனை பயனற்றதெனக் கருதி அதனைத் தறித்துவிடுதல் வழக்கம். ஆனால் உக்கிய பனையின் பொந்தே மைனாவுக்கும் பனங்காடைக்கும் வீடு. பனையின் பெயரைத் தன் பெயரிலே தாங்கிய பனங்காடை, வெட்டுக்கிளிகளையும் வண்டுகளையும் விரும்பி உண்பது. கிளிகளும் இத்தகைய பொந்துகளிற் குடியேறும் என்பது உண்மையே. ஆயினும் கிளிக்கு அஞ்சிப் பனங்காடையையும் வெளியேற்றுதல் இலாபமன்று. வீட்டுக்கும் வழிக்கும் ஆபத்தாக நில்லாத பட்ட பனைகளுள் ஒன்றிரண்டையேனும் விட்டுவைக்க.

மருது, இலுப்பை, புளி, வேம்பு ஆகிய மரங்களை வயல்வெளியின் எல்லையிலும் வாய்க்காலோரத்திலும் பேணுக. குளக்கட்டின்மேல் மரம் நடுதலாகாது. வேர் கட்டைப் பிளக்கும். வயலின் உள்வரம்புகளிற் பற்றை வளரவிடுதலும் ஆகாது. அது எலிக்கு மறைவிடமாகும். உள்வரம்புகள் ஓரடிக்கு மேற்படாத அகலமும் உயரமும் உடையனவாயின் எலி வளைதோண்ட இடம்பெறாது. சுருங்கக் கூறின், மரம் எல்லையில் நிற்க. வரம்பு துப்புரவாக இருக்க.

இருப்புத்தடி நாட்டுதல்

மரமில்லாத பரந்த வெளியிற் கரிக்குருவிக்குப் பகலிலும் கூகைக்கு இரவிலும் அமர்ந்து இரைநோக்க இடமில்லை. தென்னைமட்டை, பனைமட்டை அல்லது குறுக்குக் கட்டை கட்டிய மூங்கில் ஆகியவற்றைப் பயிரின் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நிற்குமாறு, ஏக்கருக்குப் பதினைந்து முதல் இருபதுவரை நாட்டுக. கதிர் பால்கட்டத் தொடங்கியதும் சிறுதடிகளை அகற்றிவிடுதல் வேண்டும். அன்றேல் நெல்லுக்குருவிகளும் அவற்றில் அமரும்.

நஞ்சைக் குறித்த எச்சரிக்கை

பறவைகளுக்கு இடம் அளித்தபின் நஞ்சை அளவின்றித் தெளித்தல், விருந்தினரை அழைத்து விடமூட்டுவது போலாகும். விதைத்து நாற்பது நாட்களுக்குள் இலைதின்னும் புழுக்களைக் கண்டதும் பூச்சிநாசினி தெளித்தல் பெரும்பாலும் வேண்டற்பாலதன்று. இளம்பயிர் அச்சேதத்திலிருந்து தேறிவிடும். முற்பட்ட தெளிப்பினாற் சிலந்தி முதலிய நன்மைதரும் உயிர்கள் மடிய, கபிலநிறத் தத்தி பின்னர்ப் பன்மடங்கு பெருகும். கொடிய நஞ்சான மொனோகுரோட்டபொசு 1995 ஆம் ஆண்டிலும், எண்டோசல்பான் 1998 ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. அவை பறவைகளுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் எமனாயிருந்தவை.

எலிநஞ்சிலும் இவ்வாபத்து உண்டு. குருதியை உறையவிடாது கொல்லும் நஞ்சை உண்ட எலி உடனே இறப்பதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். அதனைப் பிடித்துண்ணும் கூகையும் மடியும். ஆகவே நஞ்சு வைத்தேயாக வேண்டுமாயின் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி வைக்க. இறந்த எலிகளை நாள்தோறும் தேடியெடுத்து ஆழப் புதைக்க. தெளிகருவியை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவற்க.

நெல்லுக்குருவியும் கிளியும்

இனி இழப்பைக் குறைக்கும் வழியைக் கூறுவோம். அயல்வயல்களுக்கு முந்தியோ பிந்தியோ முற்றும் வயலையே பறவைகள் பெரிதும் மொய்க்கின்றன. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவுசெய்த காலத்தில் ஒரே வயதுள்ள இனத்தை யாவரும் விதைத்தால், சேதம் பரந்து ஒவ்வொருவருக்கும் சிறிதாகும். பால்கட்டும் நாள் தொடங்கி மணி இறுகும்வரை காலையும் மாலையும் காவல் இடுக. வெருளியை ஒரேயிடத்தில் நிறுத்தாது அடிக்கடி இடமாற்றுக. நஞ்சிட்ட தானியத்தைத் தூவுதல் எக்காரணத்தாலுங் கூடாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பெரும்பாலான பறவைகளைக் கொல்லுதலும் அவற்றின் முட்டைகளை எடுத்தலும் குற்றமாகும்.

முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். சிங்களக் கிராமங்களிற் பறவைகளின் பங்காக வயலில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதனைக் ‘குருளு பாளுவ’ என வழங்கினர். பறவைக்குப் பங்கு கொடுத்தவர் பறவையின் வேலையையும் பெற்றனர்.

வரும் போகத்திலே ஒரு கூகைப்பெட்டி, ஓரேக்கருக்கு இருப்புத்தடி, தறிக்காது விட்ட ஒரு பட்ட பனை என்னும் இம்மூன்றை மட்டும் செய்து பார்க்க. செலவு சிறிது. கூட்டின்கீழ்க் கிடக்கும் எலும்புகளை எண்ணியபின் அதன் பயனை ஒவ்வொரு கமக்காரரும் தாமே மதிப்பிட்டுக்கொள்ளலாம். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.