எவருக்கு எந்த மொழி?

பள்ளிக்கூடத்திலே பிறமொழி ஒன்றைக் கற்க விரும்பும் மாணவன் தனக்குப் பிடித்த மொழியையோ, தந்தையார் சொன்ன மொழியையோ தேர்ந்துகொள்வான். பிடிக்காவிடின் அடுத்த ஆண்டிலே விட்டுவிடவுங் கூடும். இராணுவக் கல்விக்கூடத்தில் நிலை வேறு. அங்கே மாணவனுடைய மொழியைப் பெரும்பாலும் பிறரே தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானம் எவ்வாறு பிறக்கிறது, அதனால் மனித வாழ்வு எவ்வாறு திசை மாறுகிறது என்பதை அமெரிக்க நாட்டு வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

எல்லார்க்கும் பிரெஞ்சு

நியூயோர்க் மாநிலத்திலே ஹட்சன் நதிக்கரையில் உள்ள வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரி 1802ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மறு ஆண்டிலேயே அங்கே பிரெஞ்சு மொழி கற்பிக்கத் தொடங்கினர். எவருக்கு எந்த மொழி என்ற கேள்வி அந்நாளில் எழவில்லை. எல்லார்க்கும் பிரெஞ்சு மொழிதான். கோட்டை கட்டுதல், பீரங்கி இயக்குதல், பாலம் அமைத்தல் முதலியன பற்றிய சிறந்த நூல்கள் அக்காலத்தில் பிரெஞ்சிலேயே இருந்தன. 1817இல் கல்லூரியின் தலைமையை ஏற்ற சில்வேனஸ் தேயர், அதற்கு முன்னர் ஐரோப்பாவுக்குச் சென்று அத்தகைய நூல்களைப் பெருந்தொகையாக வாங்கி வந்தவர். அந்நூல்களை மாணவர் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே மொழிப் பாடத்தின் முதல் நோக்கமாயிருந்தது. சரளமாகப் பேசுவது அடுத்தபடியே.

மொழி ஒன்றாயினும் வகுப்புப் பலவாக இருந்தது. மாணவர்க்கு அன்றாடம் புள்ளியிட்டு, அப்புள்ளிகளின்படி அவர்களைச் சிறு பிரிவுகளாக வகுத்தனர். முன்னேறியவன் மேற்பிரிவுக்கு ஏறுவான். பின்தங்கியவன் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவான்.

அந்தப் பிரிவுகளில் அமர்ந்த இருவரை உலகம் நன்கறியும். கவிஞரும் கதாசிரியருமான எட்கர் அலன் போ 1830இல் அங்கு சேர்ந்தார். அடுத்த ஜனவரியில் நடந்த பரீட்சையில் அவர் பிரெஞ்சில் மூன்றாம் இடத்தையும் கணிதத்தில் பதினேழாம் இடத்தையும் பெற்றார். ஆயினும் கடமை தவறியமைக்கும் கட்டளைக்குப் பணியாமைக்கும் அவ்வாண்டிலேயே விலக்கப்பட்டார். 1839இல் சேர்ந்த யுலிசிஸ் கிராண்டோ பிரெஞ்சில் கடைசி வரிசையில் நின்றவர். அதனைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே நகைச்சுவையுடன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பின்னாளில் வடபகுதிச் சேனைகள் அனைத்துக்கும் தளபதியாகி, நாட்டின் ஜனாதிபதியாகவும் உயர்ந்தார்.

விமானக் கொட்டகையில் ஒரு பள்ளி

நூறாண்டுகள் சென்றன. 1941இல் யப்பானுடன் போர் மூளுமென்ற அச்சம் அமெரிக்காவில் வளர்ந்தது. யப்பானிய மொழி அறிந்தவர் சேனையில் மிகச் சிலரே. ‘யப்பானியக் குடியேறிகளின் பிள்ளைகள் நம் சேனையில் இருக்கின்றனரே, அவர்களுக்குத் தாய்மொழி தெரியாதா?’ என்று அதிகாரிகள் எண்ணினர். அவர்களுள் 3,700 பேரை விசாரித்துப் பார்த்தனர். கிடைத்த விடை வியப்பளித்தது. நூற்றுக்கு மூவரே அம்மொழியில் வல்லவர். இன்னும் நால்வர் ஓரளவு தேர்ந்தவர். மேலும் மூவரை நீண்ட பயிற்சியின் பின்னர் பயன்படுத்தலாம். எஞ்சிய தொண்ணூறு பேரும் ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைகள். மொழி இரத்தத்தில் ஊறி வருவதன்று, வீட்டிலே பேசியும் பள்ளியிலே படித்தும் வருவது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

1941 நவம்பர் 1ஆந் தேதி, சான்பிரான்சிஸ்கோ நகரில் கைவிடப்பட்ட விமானக் கொட்டகை ஒன்றிலே, நான்கு ஆசிரியருடனும் அறுபது மாணவருடனும் இரகசியமாக ஒரு மொழிப்பள்ளி தொடங்கியது. மாணவருள் 58 பேர் யப்பானிய வம்சத்தினர். தலைமையாசிரியராக அமைந்த ஜோன் ஐசோ, ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். அத்துணைப் படித்தவரைச் சேனையார் அதுவரை லொறி பழுதுபார்க்கும் பிரிவில் வைத்திருந்தனர்!

பள்ளி தொடங்கி ஐந்து வாரங்களே கழிந்தன. டிசம்பர் 7இல் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பெப்ரவரியில் பிறந்த அரசாங்க ஆணையின் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சத்தினர் ஏறத்தாழ 120,000 பேர் வீடுவாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பள்ளியும் அக்கரையில் நீடிக்க இயலாமல் மினசோட்டா மாநிலத்துக்குப் பெயர்ந்தது. பெற்றோர் முட்கம்பி வேலிக்குள் இருக்க, மைந்தர் அந்தப் பெற்றோரின் மொழியையே அமெரிக்கச் சேனைக்காகக் கற்றனர். வீட்டிலே அம்மொழியைப் பேசியது சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. வகுப்பிலே பேசியது தேசசேவையாயிற்று. பயிற்சி முடித்தோர் பசிபிக் போர்முனைகளில் கைதிகளை விசாரித்தும், கைப்பற்றிய ஆவணங்களை மொழிபெயர்த்தும் அரும்பணி புரிந்தனர்.

யாரும் பேசாத மொழியில் ஒரு பரீட்சை

அப்பள்ளி 1946இல் கலிபோர்ணியாவின் மொண்டரே நகருக்கு வந்தது. 1963இல் பாதுகாப்பு மொழிக் கழகமாக விரிந்தது. முப்படையினரும் அங்கே பயில்கின்றனர். அங்கு மொழி ஒதுக்கும் முறை விநோதமானது. முதலில் ஒரு திறமைப் பரீட்சை. அதில் வரும் மொழி உலகில் எவரும் பேசாதது, பரீட்சைக்கென்றே புனையப்பட்டது. அதன் விதிகள் சிலவற்றைச் சொல்லி, உடனே அவற்றைக் கையாளும்படி கேட்பார்கள். முன்பு எதனைப் படித்தோம் என்பது அங்கே உதவாது. புதியதை எவ்வளவு விரைவாகப் பற்றிக்கொள்கிறோம் என்பதையே அப்பரீட்சை அளக்கும்.

மொழிகளை ஆங்கிலம் பேசுவோர்க்கு உள்ள கடினத்தைக் கொண்டு நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கின்றனர். ஸ்பானியம், பிரெஞ்சு முதலியன முதல் வகுப்பு, ஜேர்மன் இரண்டாவது, ரஷ்யம், பாரசீகம் மூன்றாவது, அரபு, சீனம், யப்பானியம், கொரியம் நான்காவது. பொது விதிப்படி இவற்றுக்குப் புகுவதற்கு முறையே 95, 100, 105, 110 புள்ளிகள் வேண்டும். ஸ்பானியத்துக்கு 36 வாரம் என்றால் அரபுக்கு 64 வாரம்.

புள்ளி கிடைத்தாற் போதாது. எந்த மொழிக்கு இப்போது ஆள் வேண்டும், எந்த வகுப்பில் இடம் உண்டு என்பவற்றைப் பார்த்தே சேனை முடிவு செய்யும். மாணவனின் விருப்பத்தைக் கேட்பதும் உண்டு. அது நிறைவேறுமென்ற உறுதி இல்லை. ஸ்பானியம் விரும்பியவன் கொரிய வகுப்பில் அமர நேரலாம். நாளெல்லாம் வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம் என்று ஓராண்டுக்கு மேல் உழைத்தும் தேறாதவனுக்கு வேறு மொழியோ வேறு தொழிலோ கொடுக்கப்படும். ஆக, ஒரு காகிதத்தில் எழுதப்படும் ஒரு மொழியின் பெயர், அவ்விளைஞன் எந்த நாட்டைப் பற்றி அறிவான், எவருடன் பேசுவான், எங்கே பணிபுரிவான் என்பவற்றையெல்லாம் தீர்மானித்துவிடுகிறது.

நாம் இதிற் கருதவேண்டியது ஒன்றுண்டு. அந்த நான்கு வகுப்பும் ஆங்கிலேயர் நாவுக்கு வகுத்தவை. யப்பானியத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். வேற்றுமை உருபு போன்ற இடைச்சொல் பெயரின் பின்னே நிற்கும். ஆங்கில மாணவனைத் தலைகீழாய் நிற்கவைக்கும் இவ்வமைப்புத் தமிழ்ப் பிள்ளைக்குப் பழகிய பாதை. கடினமென்பது பெரும்பாலும் நாம் எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நம் பிள்ளைகளுக்கு மொழி ஒதுக்கும் அதிகாரி எவருமில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்கள் கையிலேயே உள்ளது. தாய்மொழியை வீட்டிலே பேணி, அதனோடு பிறமொழி ஒன்றையும் விரும்பிக் கற்போமாயின், அவ்வுரிமையை நன்கு பயன்படுத்தியவராவோம்.