குளிருக்கு இதமாய் ஒரு வீடு

மார்கழி பிறந்தால், சமவெளியில் இருக்கும் நமக்கு அதிகாலையில் கோலம் போடும்போதுதான் லேசாக உடம்பு நடுங்கும். நீலகிரியில் குடித்தனம் நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்! ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் விடியற்காலையில் புல்வெளியில் உப்பைத் தூவியது போல உறைபனி படிந்திருக்கும்.

என் கணவருக்கு அங்கே மாற்றலானபோது என் கையில் எட்டு மாதக் குழந்தை. முதல் ராத்திரியே குளிர் தாங்கவில்லை. ஒரு இரும்புச் சட்டியில் கரியைக் கனிய வைத்துப் படுக்கையறையில் வைத்தேன். ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் துணியும் அடைத்தேன். அறை இதமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தலைவலி, குமட்டல். நல்ல வேளையாக, ஏதோ கேட்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துப் பதறிவிட்டார். "ஏன் அம்மணி, கரிச்சட்டியை வச்சுக்கிட்டு இப்படியா கதவைச் சாத்துவாங்க? முதல்ல புள்ளையைத் தூக்கிட்டு வெளியே வா!"

அன்று அவர் வராவிட்டால்? நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையே வராத கனிந்த கரியிலும் அது உண்டு. ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர்கள் விழிக்காமலே போய்விடலாம். ஆகவே படுக்கும் அறையில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீஸர் வைப்பதும் இதே ஆபத்துதான். இத்தகைய இடத்தில் தலைவலியோ மயக்கமோ வந்தால், உடனே எல்லோரும் வெளியே வந்து, டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்படியானால் குளிருக்கு என்னதான் செய்வது? அந்த அம்மாள் சொல்லிக் கொடுத்தவையும், நான் பழகிக்கொண்டவையும் இதோ:

மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்புறம் சாய்ந்து போகும். தெற்குப் பார்த்த ஜன்னலின் திரையைக் காலையிலேயே விலக்கிவிடுங்கள். வெயில் சாயுமுன் ஜன்னலைச் சாத்திக் கனத்த திரையை இழுத்துவிடுங்கள். பகலில் உள்ளே வந்த சூடு சீக்கிரம் வெளியே போகாது.

சிமெண்டுத் தரையில் பாயை விரித்து, அதன்மேல் ஜமக்காளம் போடுங்கள். பாதம் சில்லிடாது. படுக்கையிலும் மேலே போர்த்துவது மட்டும் போதாது. மெத்தை விரிப்புக்கு அடியில் ஒரு கம்பளி போட்டால் குளிர் கீழிருந்து ஏறாது. தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் பகல் வெயிலில் காயப்போடுங்கள்.

ராத்திரி படுக்கப் போகுமுன் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். பெரியவர்களுக்கு சுகமாக இருக்கும். குழந்தையின் படுக்கையில் மட்டும் வேண்டாம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கனத்த ரஜாய் போர்த்தாதீர்கள். அது முகத்தை மூடிவிடும். பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், காலுக்கு சாக்ஸ், இப்படி அடுக்கடுக்காகப் போட்டுவிடுங்கள். கை சில்லென்றிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள். மூடிய அறையில் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் விட்டுவிடுங்கள். பிஞ்சு நுரையீரல் தாங்காது.

சாயங்காலம் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் காபி வையுங்கள். ராத்திரி சூடாக மிளகு ரசம். எல்லோரும் சமையலறையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், குளிர் தெரியவே தெரியாது!

கொடைக்கானலோ, ஏற்காடோ, டில்லியோ, எங்கே இருந்தாலும் சரி, குளிர் வந்தால் கரிச்சட்டியைத் தேடாதீர்கள். வெயிலையும் கம்பளியையும் தேடுங்கள்.