சட்டை போடலாம், தோள்சீலை கூடாது

தோள்சீலைக் கலகம்னு சொன்னதும் பலருக்கு இன்ஸ்டால பார்த்த நங்கேலி கதை ஞாபகம் வரும். அது சேர்த்தலைப் பக்கம் வாய்வழியா வந்த கதை. இன்னைக்கு நாம பேசுறது கருங்கல்ல இருந்து திங்கள்நகர் பஸ் ஏறினா பக்கத்துல இருக்கிற இரணியல், கல்குளம் பகுதியில் நடந்தது. இதுக்கு அரசாங்க உத்தரவுகளே சாட்சி.

முதல்ல ஒரு விஷயம். நம்ம மாவட்டம் அப்போ திருவிதாங்கூர் ராஜ்யம். அங்க மேலுடை மானப் பிரச்சினை இல்லை, மரியாதைப் பிரச்சினை. தன்னைவிட மேலே இருக்கிறவங்க முன்னாடி மார்பை மறைக்காம நிக்கணும். நாயர் பெண்களுக்குத் தோள்சீலை உண்டு, ஆனா நம்பூதிரி முன்னாடி அவங்களும் அதை எடுக்கணும். நாடார் பெண்களுக்கு அந்தத் துணியே கிடையாது. கூடவே ஊழியம், அதாவது கூலி இல்லாத கட்டாய வேலை.

1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வர்றார். லண்டன் மிஷன் வளருது. நாடார்கள் நிறைய பேர் கிறிஸ்தவத்துக்கு மாறுறாங்க. பெண்கள் மேலே துணி போட ஆரம்பிக்கிறாங்க. 1814-ல் ரெசிடெண்ட் மன்றோ காலத்தில் ஒரு உத்தரவு: கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம், அதாவது தைச்ச சட்டை, போடலாம். ஆனா நாயர் பெண்கள் மாதிரி தோள்சீலை கூடாது.

அந்த 'ஆனா'வைப் பிடிச்சுக்கோங்க. முழு சண்டையும் அதுக்குள்ளதான் இருக்கு.

ஏன்னா பெண்கள் சட்டைக்கு மேலே தோள்சீலையும் போட்டாங்க. சட்டைன்னா 'நீ கிறிஸ்தவள்'னு அர்த்தம். தோள்சீலைன்னா 'நானும் நீயும் ஒண்ணு'ன்னு அர்த்தம். 1822-ல் கல்குளம் பக்கம் பெண்களைத் தாக்கி, துணியைக் கிழிச்சாங்க. அடுத்த வருஷம் பத்மநாபபுரம் கோர்ட் பெண்கள் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. கலகம் அடங்கலை. 1827-ல் இருந்து மறுபடி அடிதடி, ஜெபக்கூடங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தீ. 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாய் போட்ட உத்தரவும் அதே வால்தான்: சட்டை சரி, தோள்சீலை கூடாது. ஊழியமும் செய்யணும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.

அதே காலத்துல அமெரிக்காவுலயும் இப்படி ஒரு சம்பவம். மிசௌரி மாநிலத்தில் மார்மன்கள்னு ஒரு புது மதக்காரங்க கூட்டமா குடியேறுறாங்க. அவங்க ஓட்டும் நிலமும் தங்களை முழுங்கிடும்னு பழைய குடிகளுக்கு பயம். 1838 அக்டோபர் 27-ல் ஆளுநர் போக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டு விரட்டணும், இல்லைன்னா அழிக்கணும்னு எழுத்திலேயே உத்தரவு போடுறார். மூணே நாளில் ஹான்ஸ் மில் குடியிருப்பில் உள்ளூர் ஆயுதப்படை 17 பேரைக் கொல்லுது.

பயம் ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். ஆனா அங்க 'போ'ன்னு சொன்னாங்க. இங்க அப்படிச் சொல்ல முடியாது. பனை ஏறவும் வயல்ல இறங்கவும் இதே ஆளுங்கதான் வேணும். அதனால 'இரு, ஆனா இருந்த இடத்திலேயே இரு'. எனக்கு ரெண்டாவதுதான் இன்னும் கொடூரமா படுது.

இதுல பெண்கள் கையில காசு வந்ததையும் சேர்த்துப் பாருங்க. 1821 வாக்கில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கின துணியை அவிழ்னு சொன்னா யாருக்குக் கோபம் வராது?

மூணாவது சுற்றுதான் பெருசு. 1858 கடைசியில விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்து, எல்லாருக்கும் மதச் சுதந்திரம்னு பேச்சு பரவுது. இந்த முறை இந்து நாடார் பெண்களும் தோள்சீலை போடுறாங்க. சந்தையில வச்சுத் துணியை உருவுறாங்க. 1859 ஜனவரியில் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் வீடுகள் சூறை, ஜெபக்கூடங்கள் சாம்பல். சென்னை ஆளுநர் ட்ரெவெலியன் திருவிதாங்கூரை நெருக்குறார்.

1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம்: நாடார் பெண்கள் எந்த மதமானாலும் சட்டை போடலாம். இல்லைன்னா முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுத்திக்கலாம். மேல்சாதிப் பெண்கள் கட்டுற மாதிரி மட்டும் கட்டக் கூடாது.

45 வருஷம் அடிபட்டும் அந்த 'ஆனா' பேப்பர்ல அப்படியே இருந்துச்சு. மாறினது ஒண்ணு: இனி மதம் மாறினாதான் மறைக்கலாம்னு யாரும் சொல்ல முடியாது.

ஊழியம் எப்படி ஒழிஞ்சதுங்கிறது தனிக் கதை. அது அடுத்த எபிசோட்ல.