கணக்கெழுதாத அன்பு

1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் திருமண ஆராதனைகளில் மிகுதியாக வாசிக்கப்படுவதால், அது எவர்களுக்கு எழுதப்பட்டது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கட்சி பிரிந்து, ஒருவர்மேலொருவர் வழக்குத் தொடுத்து, கர்த்தருடைய பந்தியிலும் ஏழைகளை வெட்கப்படுத்திய சபைக்கே பவுல் அதை எழுதினார்.

4-ஆம் வசனத்தில் நீடிய சாந்தத்திற்கு அவர் ஆளும் சொல் மக்ரோதூமியா என்பதோடு உறவுடையது. இன்னல்களைச் சகிப்பதற்கு ஹூப்பொமொனே என்னும் வேறு சொல் உண்டு. அதன் வினையை 7-ஆம் வசனத்தில் தனியே ஆளுகிறார். மக்ரோதூமியாவோ பெரும்பாலும் மனிதரைச் சகிப்பதையே குறிக்கும். நெடுநாள் நோயைப் பொறுமையாய்த் தாங்கும் போதகர், சபைக்கூட்டந்தோறும் தம்மை எதிர்க்கும் ஓர் அங்கத்தினரைத் தாங்க இயலாதிருப்பதில் வியப்பில்லை. நோய் நம்மை வேண்டுமென்றே அவமதிப்பதில்லை.

5-ஆம் வசனத்திலுள்ள லொகிட்சொமாய் என்னும் சொல் இன்னும் கூர்மையானது. அது வணிகரின் கணக்கிலும் வழங்கிய சொல். நமது பழைய திருப்புதலில் நினைத்தல் என்னும் பொருளே நிற்பதால் இவ்வுருவகம் மறைந்துபோகிறது. அன்பு தீமையை அறியாததன்று. அதைச் செய்தவன் பேரில் பற்றெழுதி வைக்காதது.

ஆயின், பொறுத்தல் என்பது வாளாவிருத்தலன்று. இதே நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் ஒருவனைச் சபையினின்று விலக்கச் சொல்லுகிறார். 2 கொரிந்தியர் 2-ஆம் அதிகாரத்திலோ, தண்டனை பெற்ற ஒருவனை (இருவரும் ஒருவரே என்று துணிவதற்கில்லை) மன்னித்துத் தேற்றும்படி வேண்டுகிறார். அவன் பெற்ற தண்டனை போதும் என்கிறார். மிகுந்த துயரம் அவனை விழுங்கிவிடுமோ என்பதே அங்கு அவருடைய அச்சம். சபையின் கௌரவத்தைப் பற்றி அவ்விடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.